பெரட்டுக்கு எட்டாத எச்சரிக்கை

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி கோலசிலாங்கூருக்கும் போர்ட் கிள்ளானுக்கும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. மக்கள் சுவாசித்த காற்றே அதற்குக் காரணம். சுமாத்ராவில் எரிந்த காடுகளின் புகை மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து சிலாங்கூர் கரையில் குவிந்ததில், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டிவிட்டது. 100க்கு மேல் போனாலே உடலுக்குக் கேடு, 300க்கு மேல் போனால் ஆபத்து என்று வகுத்திருக்கும் கணக்கு அது. பள்ளிகளை மூடினார்கள். அலுவலகங்களை அடைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள், கதவு சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார்கள்.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்ட வீடுகளில் அந்த அறிவுரை எப்படிப் பலிக்கும் என்பதை லயம் என்ற அந்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களிடம் கேட்க வேண்டும். பலகைச் சுவரில் இடைவெளி இருக்கும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். கண்ணாடிப் பலகை அடுக்கிய சன்னலை என்ன இழுத்தாலும் முழுதாகச் சாத்த முடியாது. வெளியே இருக்கும் புகைதான் உள்ளேயும் இருக்கும்.

அதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. அதற்கு முந்தைய சில ஆண்டுகளாகக் காற்றுத் தூய்மைக்கேட்டு எண்களை அரசாங்கம் பொதுமக்களுக்கு வெளியிடாமல் வைத்திருந்தது. சுற்றுப்பயணிகள் வராமல் போய்விடுவார்கள் என்ற கவலை. அந்த ஆகஸ்ட்டில் நிலைமை கைமீறிய பிறகுதான் எண்கள் வெளியே வந்தன. ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்திருந்த தாய்க்கு, இன்று காற்று நேற்றைவிட மோசமா என்று தெரிந்துகொள்ள அதுவரை கண்ணும் மூக்கும்தான் இருந்தன.

இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று எண்களுக்குக் குறைவில்லை. கைப்பேசியைத் தட்டினால் காற்றின் கணக்கு வருகிறது, வெயிலின் கணக்கு வருகிறது, மழை எச்சரிக்கை வருகிறது. ஆனால் அந்த எண் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டப் போகிறவரின் அன்றைய நாளை எந்த விதத்திலாவது மாற்றுகிறதா? விழிப்புணர்வு என்று மேடைகளில் பேசப்படுவதை இந்த ஒரு கேள்வியால்தான் அளக்க வேண்டும் என்பது என் எண்ணம். பருவநிலை மாற்றம் என்றவுடன் உருகும் பனிமலையைக் காட்டியே நம்மைப் பழக்கிவிட்டார்கள். கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் சபாக் பெர்ணத்திலும் வாழும் தமிழருக்கு அது முதலில் வந்து சேரும் இடம் இனிப்புநீர் நோயாளியின் உடம்பு, சிறுநீரகம், நுரையீரல், கர்ப்பிணியின் வயிறு.

நிழலில் அளந்த சூடு

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெயிலுக்கு மூன்று நிலை வைத்திருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள்கள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை. 37 முதல் 40 வரை போனால் வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் தீவிர வெப்ப அலை. நாட்டிலேயே அதிகமாகப் பதிவான வெப்பம், 1998 ஏப்ரலில் பெர்லிஸின் சுப்பிங்கில் கண்ட 40.1 டிகிரி. அது எல் நினோ ஆண்டு. 2015-16, 2023-24 ஆகியவையும் எல் நினோ காலங்களே. பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோ இயற்கையாக வந்து போவது. ஆனால் முன்பைவிடச் சூடேறிய பூமியின் மேல் அது வந்து உட்காரும்போது வெப்பம் இன்னொரு படி ஏறுகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் உலகச் சராசரி போன முதல் ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்துவிட்டது.

2023, 2024 ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது என்பது மறந்திருக்காது. 2023 ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் வெப்பத்தாக்கத்தால் இறந்தான். 2024இல் பகாங்கில் 22 வயது இளைஞர் ஒருவர், கிளந்தானில் 3 வயதுக் குழந்தை. பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் விளையாட்டு உடையில் வரலாம் என்று கல்வி அமைச்சு அனுமதித்தது. நல்ல முடிவுகள். பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு விதி பிறந்தது. அதே நேரத்தில் வேலைக்காட்டில் நின்ற பெற்றோருக்கு?

தொலைக்காட்சியில் சொல்லப்படும் 35 டிகிரி, காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவது. நேர் வெயிலில் நிற்கும் உடம்பு படும் பாடு வேறு. அதோடு நம் ஊர்க் காற்றின் ஈரம் சேர்கிறது. உடம்பு தன்னைக் குளிரவைத்துக்கொள்ள அதனிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. வியர்வை ஆவியாகிப் பறக்கும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டும். சட்டை நனையும், சூடு உள்ளேயே தங்கும். செம்பனை மட்டைகள் கவிந்த காட்டுக்குள் காற்றும் அசையாது. 33 டிகிரி என்று அறிவிப்பு வரும் நாளில்கூட, எந்த நிலையிலும் சேராத ஒரு சாதாரண நாளில்கூட, கடும் உழைப்பில் இருப்பவரின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏற முடியும்.

குலை வெட்டுபவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வயதான மரம் இரண்டு மாடி உயரத்துக்கும் மேலே போய்விட்டிருக்கும். நீண்ட கம்பின் நுனியில் அரிவாள். கழுத்தை அண்ணாந்து, கம்பை நிமிர்த்தி, மட்டையைக் கொக்கி போட்டு இழுத்து, பிறகு குலையின் காம்பை அறுக்க வேண்டும். பத்து, இருபது கிலோ எடையுள்ள குலை முள்ளோடு விழும். அதைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுச் சாலையோரம் சேர்க்க வேண்டும். மட்டையை அடுக்க வேண்டும். சிதறிய உதிரிப்பழத்தைக் குனிந்து பொறுக்க வேண்டும். பின்னர் அடுத்த மரம். பெரும்பாலும் வெட்டின அளவுக்குத்தான் கூலி. நிழலில் உட்காரும் ஒவ்வொரு பத்து நிமிடமும் சம்பளத்தில் குறையும். "அடிக்கடி ஓய்வெடுங்கள்" என்று ஒட்டப்படும் அறிவிப்புத்தாள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. படித்துப் புரிந்துகொண்டவர்தான். ஓய்வெடுக்க வசதி இல்லாதவர்.

கோலசிலாங்கூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நடப்பட்டது பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தபோது வேலையின் நேரமும் மாறியது. பால்மரம் குளிர்ச்சியான வேளையில்தான் நன்றாகப் பால் கொடுக்கும். அதனால் நம் பாட்டிமார் விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மர நிழலுக்குள் போனார்கள். உச்சி வெயிலுக்குள் மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பாலை எடுத்து முடிந்துவிடும். குலை வெட்டுக்கு வெளிச்சம் வேண்டும், மரம் உயர உயர அண்ணாந்து பார்க்கவும் வேண்டும். ஆனால் ஒரு மரத்தின் வசதிக்காக ஊரையே நான்கு மணிக்கு எழுப்பத் தெரிந்த தோட்டத்துக்கு, மனித உடம்பின் வசதிக்காகப் பகல் பதினொன்று முதல் மூன்று வரை கடும் வேலையைத் தவிர்க்கத் தெரியாதா?

இனிப்புநீர் உள்ள உடம்பு

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடம் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பத்தைப் பற்றித் தமிழரிடம் பேசும் எவரும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனிப்புநீர் நெடுநாள் இருந்தால் நரம்புகள் பழுதுபடும். கால் மரத்துப்போவது நமக்குத் தெரியும். வியர்வைச் சுரப்பிகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்புகளும் அப்படியே பழுதாகின்றன என்பது பலருக்குத் தெரியாது. வியர்க்க வேண்டிய நேரத்தில் உடம்பு போதுமான அளவு வியர்க்காது. சூடு இறங்க வழி குறையும். சர்க்கரை ஏறியிருந்தால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பில் நீர் வற்றும். நீர் வற்ற வற்ற ரத்தத்தில் சர்க்கரை இன்னும் ஏறும். ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில, சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும் வகையைச் சேர்ந்தவை. வீட்டிலிருக்கும் பாட்டிக்கு அது நல்ல மருந்து. அதே மாத்திரையை விழுங்கிவிட்டு வெயிலில் களைக்கொல்லி அடிக்கப் போகும் ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கதை வேறு. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பக்கவாதத்தில் போய் முடியலாம். "நான் வெயிலில் வேலை செய்கிறவள், இந்த மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுவது?" என்று கிளினிக்கில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் டாக்டர் கேட்க வேண்டும். வேலை என்ன, நிழலிலா வெயிலிலா, வீட்டுக்கு என்ன கூரை என்ற மூன்று கேள்விகள் நோயாளி அட்டையில் ஒரு வரி பிடிக்கும்.

கூரையைச் சொன்னதற்குக் காரணம் இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பிரித்துப் பயன்படுத்தும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே, ஏறக்குறைய நான்கு வாரம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். தகரக் கூரைக்குக் கீழே, உட்கூரை போடாத அறையில், பிற்பகல் இரண்டு மணிக்கு 30 டிகிரிக்குக் குறைவான இடம் எது? சாமி படத்துக்குப் பக்கத்துத் தட்டா? தொலைக்காட்சிப் பெட்டியின் மேலா? சூடுபட்ட இன்சுலின் பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமல் வீரியத்தை இழந்துவிடும். ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று நோயாளி கலங்குவார். நீங்கள் கட்டுப்பாடாகச் சாப்பிடுவதில்லை என்று கிளினிக்கில் ஏச்சு வாங்குவார். மண்பானைக்குள் வைத்தால்கூட, நீரில் படாமல் மூடிவைத்தால், சில டிகிரி இறங்கும். மலிவான வழி. இதை யாராவது தமிழில், கையில் பேனாவை வைத்துக்கொண்டு காட்டிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சிறுநீரகம். எல் சால்வடோர், நிகராகுவா ஆகிய மத்திய அமெரிக்க நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் இருபது, முப்பது வயது ஆண்கள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் சாவதை மருத்துவ உலகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கவனித்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு இனிப்புநீரும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. நாள்தோறும் வெயிலில் உடம்பை வற்றவைக்கும் உழைப்பு முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் பலர் வந்திருக்கிறார்கள். அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நிகராகுவாவில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. எல் சால்வடோரில் வெட்டிய கரும்பின் அளவு குறையவில்லை, கூடியது. தோட்ட நிர்வாகங்கள் இந்தக் கடைசி வரியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

நம் தாய்மண்ணிலும் வேலை நடந்திருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெயிலுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள். இன்னொரு ஆய்வில், வேலை செய்யும் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்க அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது.

மருந்து அடிப்பவரின் முகமூடி

தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடிக்கும் வேலையை நெடுங்காலமாகப் பெண்களே பார்த்து வந்தார்கள். முதுகில் தோம்பு, கையில் குழல். தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகானித்தா 2002இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பெண்களுக்கு நேர்ந்த விஷப் பாதிப்புகளை வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டில் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை அறிவித்தார்கள். 2006இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல்தான் முழுத் தடை வந்தது.

பருவநிலை மாற்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். முழங்கால் வரை பூட்ஸ், ரப்பர் கையுறை, நீர் புகாத மேலங்கி, முகமூடி, கண்ணாடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, இருபது கிலோ அளவுக்கு முதுகில் சுமந்துகொண்டு, ஈரக் காற்றில் நடக்கச் சொன்னால் உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகும். கால் மணி நேரத்தில் முகமூடி கழுத்துக்கு இறங்கும், மேலங்கியின் பொத்தான் அவிழும். அவர் அலட்சியம் செய்கிறார் என்று அதிகாரி எழுதிக்கொள்வார். மூச்சுக்குத் தவித்தவர் அவர். வெப்பத்தில் தோலின் ரத்த ஓட்டம் கூடும், வியர்வை ஊறிய தோல் வழியே மருந்து எளிதாக உள்ளே போகும். ஒரு பாதுகாப்பு இன்னொரு ஆபத்தைக் கொண்டுவரும் இந்த முடிச்சை அவிழ்க்க நேரத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை. விடியலில் அடித்து, வெயில் ஏறும் முன் தோம்பை இறக்கிவிட வேண்டும்.

மழை, எலி, கொசு

வெயிலை இவ்வளவு பேசிவிட்டு மழையை விட்டுவிட முடியாது. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2021 டிசம்பரில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் விழுந்து சிலாங்கூர் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவுகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை, அதற்காகவே ஆந்தைக் கூடு வைத்து வளர்க்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், முள் கிழித்த காலின் புண் வழியே உள்ளே போகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலித்து, கண் சிவந்தால் தாமதிக்கக் கூடாது. "தோட்டத்தில் வேலை செய்கிறேன், தண்ணீரில் நின்றேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மருந்தோடு திருப்பி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு.

டெங்கி வேறு கணக்கு. 2019இல் நாட்டில் 1,30,101 பேருக்கு டெங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள். மாநிலங்களில் பெரும்பாலும் முன்னால் நிற்பது சிலாங்கூர். வெப்பம் கூடினால் கொசுவின் வயிற்றில் கிருமி முதிரும் காலம் குறைகிறது, அதாவது கொசு சீக்கிரமே நோய் பரப்பத் தொடங்கும். வறட்சியும் டெங்கியைத் தடுக்காது. 2014இல் போலத் தண்ணீர்ப் பங்கீடு வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் தோம்பும் வாளியும் நிறைந்து நிற்கும். கைவிடப்பட்ட பால்மரக் காட்டில் மழைநீர் தேங்கிய மங்குகளும் கொசுவுக்குத் தொட்டில்கள்தாம்.

முன்னரே படித்த பாடம்

தோட்டம் தன் செலவில் நோயைத் தடுத்ததற்கு இந்த மண்ணில் முன்மாதிரி உண்டு. 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவில் ஊரே சாய்ந்து கிடப்பதைக் கண்டார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சதுப்பை வடிய வைத்து, வாய்க்கால் வெட்டி, கிள்ளானிலும் துறைமுகத்திலும் நோயை இறக்கிக் காட்டினார். பிறகு தோட்டங்களுக்கும் அந்த வேலை பரவியது. கரையோரச் சமவெளித் தோட்டத்தில் பலித்த முறை மலையோரத் தோட்டத்தில் பலிக்கவில்லை, ஏனென்றால் அங்கே நோய் பரப்பிய கொசு சுத்தமான ஓடை நீரில் வளரும் வேறு இனம். அந்தந்த நிலத்துக்கேற்ப வழி தேடினார்கள். அதற்கு முன் தோட்டங்களில் செத்தவர்களில் பெரும்பகுதி, கப்பலேறி வந்த தமிழ்க் கூலிகள். தொழிலாளி கொசுவைப் பற்றித் தெரிந்துகொண்டதால் மட்டும் மலேரியா இறங்கவில்லை. வாய்க்காலைத் தோட்டம் தன் செலவில் வெட்டியதால் இறங்கியது.

இன்றைய வாய்க்கால் எது? நிழற்கொட்டகை, குடிதண்ணீர்த் தொட்டி, உட்கூரை போட்ட வீடு, கூலி குறையாத ஓய்வு. வேலையிட வெப்பத்தைக் கையாளும் வழிகாட்டியைத் தொழில்துறைப் பாதுகாப்பு சுகாதாரத் துறை 2016இலேயே வெளியிட்டுவிட்டது. ஆனால் வழிகாட்டி சட்டமாகாது. இத்தனை டிகிரிக்கு மேல் வெளிவேலையை நிறுத்து என்ற கட்டாய வரம்பு நம்மிடம் இல்லை. 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் ஒரு முக்கியமான உரிமையைக் கொடுத்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி நியாயமாக நம்பினால், முதலாளி அதை நீக்காதபோது, அந்த இடத்தைவிட்டு விலகலாம். தலை சுற்றிக் கண் இருளும் வெயில் அந்த ஆபத்தில் சேரும் என்று தொழிற்சங்கம் வாதிட்டுப் பெற வேண்டும்.

இன்றைய வாய்க்கால்களில் வீடும் ஒன்று என்றேன். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காகக் காத்திருந்த நீண்ட கதை நாடறிந்தது. அந்தக் கோரிக்கையை வீட்டுரிமைப் பிரச்சினையாக, சமூக நீதியாகப் பேசினோம். சரிதான். சுகாதாரமாகவும் பேசியிருக்க வேண்டும். இரவிலும் சூடு இறங்காத வீட்டில் படுப்பவரின் இதயம் பகலில் பட்ட களைப்பிலிருந்து மீள முடியாது. முதியவர்களின் உயிரை இரவு வெப்பம் வாங்குகிறது என்று உலகெங்கும் ஆய்வுகள் சொல்கின்றன.

யார் சொல்வது, எங்கே சொல்வது

2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அந்த நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. எச்சரிக்கை வந்த நாளில் யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், எந்தப் பூங்காவைத் திறந்து வைக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் பனிக்கட்டி இருப்பில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். ஏழைக் குடியிருப்புகளின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினார்கள். நகரத்துக்கு அது. தோட்டத்துக்கு என்ன செய்வது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

தமிழ் வானொலி உண்டு, தமிழ் நாளிதழ் உண்டு, தோட்டத் தமிழ்ப்பள்ளி உண்டு, ஆடி மாதம் கூழ் ஊற்றும் மாரியம்மன் கோயில் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் வறண்ட மாதங்களும் ஆடியும் ஒன்றாகவே வருகின்றன, புகைமூட்டம் வருவதும் அப்போதுதான். கோயில் ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் போதும். துணி முகமூடியும் கடையில் வாங்கும் மெல்லிய முகமூடியும் புகையின் நுண்துகளைத் தடுக்காது, என்95 வேண்டும் என்று சொல்லலாம். வெப்பத்தாக்கம் வந்தவருக்கு வியர்வையே இருக்காது என்று நம்மில் பலர் நம்புகிறோம். கடும் வேலையில் விழுந்தவர் வியர்வையில் குளித்தபடியே உயிர்விட முடியும் என்று சொல்லலாம். பிதற்றினால், தடுமாறினால், அதுவே அறிகுறி. 999க்கு அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை காத்துக்கொண்டிருக்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வைத்து முதலில் குளிரவைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வேலை முடிந்து குடிக்கும் பீரும் சம்சு சாராயமும் தாகத்தைத் தீர்ப்பதுபோல் இருந்து உடம்பை மேலும் வற்றவைக்கும். சிராப் தண்ணீர் இனிப்புநீர்க்காரருக்கு ஆகாது. டயாலிசிஸ் செய்கிறவர் மட்டும், நிறைய தண்ணீர் குடியுங்கள் என்ற பொது அறிவுரையைக் கேட்காமல் தன் டாக்டர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வடசிலாங்கூர்த் தோட்டங்களில் இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் நிற்பவர்கள். அறியாத மொழியில் ஒட்டப்பட்ட தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குத்தான் முதலில் புரிய வேண்டும். தமிழில் மட்டும் சொன்னால் போதும் என்று ஒதுங்க நமக்கு நியாயம் கிடையாது.

புகைக்கு எல்லை தாண்டிய காரணம் மட்டும் இல்லை. நம் மாவட்டங்களின் நடுவிலேயே ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள் சேர்ந்த வடசிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காடு எண்பதாயிரம் ஹெக்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. மரம் இழுக்க வெட்டிய கால்வாய்கள் அதன் நீரை வடித்துவிட்டன. வறண்ட கரிச்சதுப்பு தரைக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்று புகையும், மேலே தண்ணீர் அடித்தால் அணையாது. 2008 முதல் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் அந்தக் கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, சுற்றுப்புற கிராமத்தாரோடு சேர்ந்து மஹாங் மரக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துப்போய், தரைக்கு அடியில் நெருப்பு எப்படி நகரும் என்று காட்டினால் எந்தப் பாடப்புத்தகமும் அதற்கு ஈடாகாது.

அடுத்த வறண்ட காலத்துக்கு முன் செய்ய வேண்டிய சிறிய வேலை ஒன்று இருக்கிறது. வானிலைத் துறையின் எச்சரிக்கையும் காற்றின் எண்ணும் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரின் வாயால், தமிழிலும் மலாயிலும் வங்காளியிலும் நேப்பாளியிலும் உரக்கச் சொல்லப்பட வேண்டும். இன்று 35, மணிக்கு ஒருமுறை நிழலில் உட்காருங்கள், இனிப்புநீர் உள்ளவர்கள் பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள் என்று அவர் சொல்ல வேண்டும். உட்காரும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பதையும் அவரே சொல்ல வேண்டும், அது சம்பளச் சீட்டிலும் இருக்க வேண்டும்.